குடலை இட்லி போதுமே!

கேள்வி: மகளுக்குக் கல்யாண வரவேற்பு. 400 பேர் வரலாம். தறி வருமானத்தில் சாப்பாட்டுச் செலவை எப்படி அடக்குவது?
- நெசவாளர் ஒருவர், சின்ன காஞ்சிபுரம்

பதில்: வகைகளைக் குறையுங்கள் ஐயா. 20 வைத்தால் பலதும் இலையிலேயே மிஞ்சும், 8 போதும். உங்கள் ஊர் வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி இருக்கிறதே! மிளகு, சீரகம், சுக்கு மணக்க, மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி வேகும் அதைவிட எந்தப் பனீர் பெருமை தரும்? வேக மணிக்கணக்காகும், சமையல்காரரிடம் முன்பே சொல்லுங்கள்.

இலைக்கு இவ்வளவு என்று பேசும்போது 400க்கும் உறுதி கொடுத்துவிடாதீர்கள். 300க்குக் கொடுத்து, கூடுதல் இலைக்கும் அதே விலை என்று எழுதி வாங்குங்கள். பரிமாறும் கூலி, தண்ணீர் பாட்டில், ஜிஎஸ்டி எல்லாம் அதில் சேர்த்தியா என்பதையும் முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.