நான்கு சுவருக்குள் ஓர் ஓட்டம்

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கோவிட்-19 பெருந்தொற்றைத் தடுக்கப் பள்ளிகள் மூடப்பட்டன, திடல்கள் வெறிச்சோடின. மளிகைப் பொருள் வாங்கக் குடும்பத்தில் ஒருவர் மட்டுமே வெளியே செல்ல முடிந்தது. அதுவும் பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள்தான். பூங்காவில் மெதுவோட்டம் ஓடவும் தடை இருந்தது. மீறி ஓடிய சிலர் நீதிமன்றத்தில் அபராதம் கட்ட வேண்டியிருந்தது.

கிருமிக்குத் தப்ப வீட்டில் இருப்பதே அன்று வழியாக இருந்தது. ஆயினும், வீட்டில் இருப்பது வேறு; அசையாமல் இருப்பது வேறு. பாடமும் கைப்பேசியில், பொழுதுபோக்கும் கைப்பேசியில் என்றான பிறகு பலர் நாற்காலியை விட்டு எழுவதே அரிதானது.

நாம் உண்ணும் சோறு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அதனைப் பெருமளவில் உறிஞ்சிப் பயன்படுத்துபவை தசைகளே. தசைகள் உழைக்காதபோது சர்க்கரை இரத்தத்தில் தேங்குகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு, நீரிழிவு இருந்தது. நீரிழிவு உள்ளவர்களைக் கோவிட் கடுமையாகத் தாக்கக்கூடும். கிருமிக்கு அஞ்சி முடங்கிக் கிடப்பவர் அக்கிருமிக்கே வசதி செய்து கொடுத்தவராகிவிடுகிறார்!

தாத்தா பாட்டியின் நிலை இன்னும் சிக்கலானது. சில நாள் படுத்தே கிடந்தாலும் முதியோரின் தொடைத் தசை மெலியத் தொடங்கும். பிறகு குளியலறையில் கால் இடறினால் உடலைத் தாங்கிக்கொள்ள வலு இராது. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்வது அவர்களுக்கு நல்ல பயிற்சி. பேரப்பிள்ளை பக்கத்தில் நின்று எண்ணினால், 'முட்டி வலிக்கிறது' என்ற சாக்குக் கொஞ்சம் குறையும்.

இடமில்லை என்பது பலரின் குறை. பிரான்ஸில் எலிஷா நொசோமொவிட்ஸ் என்பவர் தம் வீட்டின் ஏழு மீட்டர் நீள மாடத்தில் முன்னும் பின்னுமாக ஓடியே 42 கிலோமீட்டர் நெடுந்தொலைவோட்டத்தை முடித்தார். அதற்கு ஆறாயிரம் முறைக்கு மேல் அந்த மாடத்தைக் கடக்க வேண்டும். இங்கிலாந்தில் 99 வயதான கேப்டன் டாம் மூர், நடைச்சட்டத்தைப் பிடித்தபடி தம் வீட்டுத் தோட்டத்தில் நூறு சுற்று நடந்தார். ஆயிரம் பவுண்டு திரட்டத்தான் அவர் நினைத்தார்; சுகாதாரப் பணியாளர்களுக்காகச் சேர்ந்ததோ 32 மில்லியன் பவுண்டுக்கும் மேல்.

அந்த அளவுக்கு யாரும் போகத் தேவையில்லை. பதின்ம வயதினர் நாளுக்குச் சராசரியாக அறுபது நிமிடம் உடலை இயக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதனை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. காலையில் இருபது, மாலையில் நாற்பது எனப் பிரித்துக்கொள்ளலாம். தண்ணீர் நிரப்பிய ஒன்றரை லிட்டர் போத்தல் ஒன்றரைக் கிலோ எடைக்குச் சமம். தரையில் சுண்ணக்கட்டியால் கட்டம் வரைந்து தம்பி தங்கையோடு பாண்டி ஆடினால் மூச்சு வாங்கும். அடுக்குமாடி வீட்டில் கயிறு தாண்டுவதுதான் தொல்லை. கீழ்வீட்டாருக்கு அது இடி முழக்கம். அவர்களுக்குத் தோப்புக்கரணமே உகந்தது. ஓசை இராது, தொடையும் உறுதிப்படும். வீடு கூட்டுவதும் துடைப்பதும் இக்கணக்கில் சேரும் என்று சொன்னால் பல அம்மாக்கள் மகிழ்வார்கள்.

காய்ச்சலோ இருமலோ இருந்தால் மட்டும் பயிற்சி வேண்டாம். அப்போது உடலுக்குத் தேவை ஓய்வு.

மே 4ஆம் நாள் கட்டுப்பாடு தளர்ந்து, வெளியில் ஓட அனுமதி கிடைத்தது. ஏழு வாரம் உட்கார்ந்தே இருந்த கால்கள் பழைய வேகத்திற்கு உடனே ஈடுகொடுக்கமாட்டா. முதல் நாளே விரைந்து ஓடினால் தசைப்பிடிப்பு வரலாம். அத்தகையோர் முதல் வாரத்தை நடையில் கழித்து, பிறகு சிறுகச் சிறுக ஓட்டத்தைக் கூட்டுவதே நலம். வீட்டிலேயே கால்களுக்கு வேலை கொடுத்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு அவ்வளவாகத் தேவைப்படாது.