வேலை மாறுதலா? அட்வான்ஸை இழக்காமல் வீட்டைக் காலி செய்யுங்க!

ராமநாதபுரத்தில் வாடகை வீட்டில் இருக்கும் ஒருவருக்குத் திடீரென்று கோவைக்கு வேலை மாறுதல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 8,000 ரூபாய். அட்வான்ஸ் 24,000 ரூபாய். 11 மாத ஒப்பந்தத்தில் இன்னும் 5 மாதம் பாக்கி. "அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?" என்பதுதான் அவருடைய கவலை.

ஒன்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மாறுதல் உத்தரவு வந்ததாலேயே ஒப்பந்தம் முடிந்துவிடாது. முடித்து வைப்பது ஒப்பந்தத்தில் உள்ள 'நோட்டீஸ்' வரிதான்.

1. ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ஒரு மாத நோட்டீஸ் என்று இருந்தால் அதன்படி கொடுத்தால் போதும். அப்படி வரியே இல்லை என்றால் உரிமையாளரிடம் பேசி, இரு தரப்பும் கையெழுத்திட்டு முடித்துக்கொள்ளுங்கள். புதிதாகக் குடிவர ஆள் பார்த்துக் கொடுத்தால் உரிமையாளரின் நஷ்டம் குறையும். பேச்சும் சுமுகமாக முடியும். எழுத்து ஒப்பந்தம் இல்லாத மாத வாடகைக்கு, 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டப்படி 15 நாள் நோட்டீஸ்.

2. வாய்ச்சொல் போதாது. காலி செய்யும் தேதியை எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு படம் அனுப்பி வையுங்கள்.

3. சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வொரு அறையையும் மின் மீட்டரையும் போனில் படம் எடுங்கள். கடலோர உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிப்பது சாதாரணத் தேய்மானம். அது உங்கள் தலையில் விழக் கூடாது. உடைந்த குழாய், பாக்கி மின்கட்டணம் என்றால் நீங்கள்தான் கட்ட வேண்டும். சாவி ஒப்படைத்ததற்கும் எழுதி வாங்குங்கள்.

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ளது. ராமநாதபுரம், ராமேசுவரம் போன்ற நகராட்சிப் பகுதிகளுக்கும் இது பொருந்தும். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உங்கள் பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது இந்தச் சட்டம். வாடகை ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. இதை இணையவழியிலேயே செய்யலாம்.

கோவையில் புது வீடு பார்க்கும்போது, கையெழுத்துக்கு முன்பே ஒரு வரி கேட்டு வாங்குங்கள்: "வேலை மாறுதல் ஏற்பட்டால் ஒரு மாத நோட்டீஸில் காலி செய்யலாம்." அடுத்த மாறுதலில் இந்த ஒரு வரி உங்கள் பணத்தைக் காக்கும்.