பாகில் விழுந்த பொருள்: கணினி அசைவூட்டத்தில் ஒரு சிக்கல்

இயற்பியல் நூல்களில் ‘விஸ்காசிட்டி’ என்பதற்குப் ‘பாகுநிலை’ என்னும் சொல் வழங்குகிறது. வெல்லப்பாகைக் கிளறியவர் எவர்க்கும் இச்சொல்லுக்கு உரை தேவையில்லை. பாய்மத்தின் ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின்மேல் நழுவுங்கால் தோன்றும் உராய்வே அது. அறைவெப்பநிலையில் விளக்கெண்ணெயின் பாகுநிலை தண்ணீரினதைப்போல் ஏறத்தாழ 1000 மடங்காகும். தேனினது அதனினும் மிகுதி. தேனீயின் பெயரால் ஓர் அத்தியாயத்தையே உடைய திருமறையை ஓதிவருவோர்க்குத் தேனின் சிறப்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஈண்டு நாம் கருதுவது, அத்தேனில் ஒரு பொருள் விழுந்தால் நிகழ்வதைக் கணினி எவ்வாறு திரையில் காட்டுகிறது என்பதையே.

பாய்மத்தின் இயக்கத்திற்குரிய சமன்பாடுகளை 1822இல் நேவியரும் 1845இல் ஸ்டோக்ஸும் வகுத்தளித்தனர். பாய்மம் நிறைந்த வெளியைச் சிறுசிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வேகத்தையும் அழுத்தத்தையும் படிப்படியாகக் கணிப்பதே அசைவூட்டக் கலைஞர் கைக்கொண்ட வழி. ஃபாஸ்டர், மெட்டாக்ஸஸ் இருவரும் 1996இல் நீர்மங்களை இம்முறையால் முப்பரிமாணத்தில் இயக்கிக் காட்டினர்.

இக்கணத்து வேகத்தைக்கொண்டு உராய்வைக் கணித்து, அதனால் அடுத்த கணத்து வேகத்தைப் பெறுவது எளிய முறை. தண்ணீருக்கு இது போதும். பாகிலோ உராய்வு மிகவும் வலிது. அது வேகத்தை அளவுக்கு மீறித் திருத்திவிட, வேகம் எதிர்த்திசைக்கு மாறும். அடுத்த படியில் இன்னும் பெருகும். முடிவில் எண்கள் கட்டுக்கடங்கா. காலப்படியைக் குறுக்கலாமே எனில், கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கும்போது காலப்படியைக் கால்பங்காக்க நேரிடும். 1999இல் ஜோஸ் ஸ்டாம் என்பார், அடுத்த கணத்து வேகத்தையே அறியப்படாததாக வைத்து உராய்வுச் சமன்பாட்டைத் தீர்த்தார். எண்கள் சிதறுவது நின்றது. தேன் தாரை விழுமிடத்தில் சுருள்சுருளாக மடிவது மட்டும் திரையில் வரவில்லை. காற்றைத் தொடும் மேற்பரப்பில் உராய்வுத் தகைவு இல்லை என்னும் நிபந்தனையைப் பிழையின்றிப் புகுத்தி, பேட்டியும் பிரிட்ஸனும் 2008இல் அதனையும் கொணர்ந்தனர்.

இனித் திண்பொருளுக்கு வருவோம். பொருளும் பாய்மமும் ஒன்றையொன்று தள்ளுவதைக் காட்ட எழுந்த முறைகள் பலவும் அழுத்தத்தையே பெரிதும் கருத்திற்கொண்டன. தண்ணீருக்கு அது பெரும்பாலும் பொருந்தும். தேனுள் சுழலும் ஓர் உருண்டையை எண்ணிப்பாருங்கள். அழுத்தம் பரப்புக்குச் செங்குத்தாகவே தாக்கும்; ஆதலால் உருண்டையின் மீதுள்ள அழுத்த விசைகள் அனைத்தும் அதன் மையத்தையே நோக்கும். மையத்தை நோக்கும் விசை சுழற்சியை நிறுத்தாது. அழுத்தத்தை மட்டும் கணித்தால், தேனில் இட்ட உருண்டை ஓயாது சுழன்றுகொண்டேயிருக்கும்! நேரே விழும் உருண்டைக்கும் இந்நிலையே. மெல்ல இறங்கும் கோளத்தின் மீதான தடையை ஸ்டோக்ஸ் 1851இல் வருவித்தார். அத்தடையில் மூன்றில் ஒரு பங்கே அழுத்தத்தால் வருவது, எஞ்சிய இரு பங்கும் பரப்பை உரசிச்செல்லும் பாகியல் உராய்வினது. அதனை விடுத்தவர் தடையின் பெரும்பகுதியையே விடுத்தவராவர்.

பாய்மத்தை முதலில் தீர்த்து, கிடைத்த விசையைப் பின்னர் பொருளின்மேல் ஏற்றினால் என்ன? பொருள் கனமானதாயின் தாழ்வில்லை. இலேசான மரக்கரண்டியாயின், அவ்விசை அதனை அளவுக்கு மீறி உந்தி முன்னும் பின்னும் துள்ளச் செய்யும். மேலே கண்ட பழைய நோயேதான். ஆகவே பாய்மத்தின் வேகமும் பொருளின் வேகமும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியில் ஒருங்கே தீர்க்கப்படல் வேண்டும். தொடும் பரப்பில் பாகு நழுவாது பொருளோடு ஒட்டியே நகரும் என்னும் நிபந்தனை அவ்விரண்டையும் பிணைக்கிறது. தகாஹாஷி, லின் ஆகியோர் 2019இல் பாகியல் உராய்வுக்கு இத்தகைய இருவழிப் பிணைப்பை அமைத்தனர்.

ஓர் இடர்ப்பாடு எஞ்சுகிறது. கிண்ணத்தின் அடியை உருண்டை நெருங்கும்போது இடையிலுள்ள தேன்படலம் ஒரு கட்டத்தின் அகலத்தினும் மெலிதாகிவிடும். மெய்யான தேனில் தடை பன்மடங்கு பெருகுவது அம்மெல்லிய இடைவெளியிலேதான். கட்டங்களின் கண்ணுக்கோ அது படுவதில்லை.