திரையை உறுதி செய்தபின் படத்தை எடு

எலுவன்குளம்

அன்புள்ள மகளுக்கு,

மாமா எழுதுகிறேன். தொலைக்காட்சி நிலைய வேலையை விட்டுவிட்டு, உன் பங்குத் தென்னங்காணியை ஈடு வைத்து, சொந்தமாக ஒரு முழுநீளப் படம் தயாரிக்க நினைப்பதாக அம்மா சொன்னாள். முடிவு உன்னுடையது. உன்னைத் தடுக்க இதை எழுதவில்லை. பெரியப்பா ஈடு வைத்து நட்டப்பட்ட இறால் பண்ணைக் காலத்தை நீ அறிவாய்; அதை நான் இங்கே கிளறப்போவதில்லை. அதற்குப் பிறகு நம் வீட்டில் 'ஈடு' என்று யாராவது சொன்னால் அம்மாவுக்கு இரவில் நித்திரை வராது என்பதையும் நீ அறிவாய். அதனால்தான் ஆறுதலாக யோசித்து எழுதுகிறேன்.

நிலையத்தில் நீ தயாரித்த நிகழ்ச்சி சரிவராவிட்டாலும் அடுத்த மாதச் சம்பளம் வரும். படத் தயாரிப்பில் அந்தப் பாதுகாப்பு இல்லை. கதை, நடிகர், கமெரா எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: எடுத்த படத்தை யார், எத்தனை திரையில், எத்தனை நாள் காட்டுவார்கள்? வலை வாங்குமுன் மீனை எடுக்க ஆள் இருக்கிறதா என்று நம் கரைப் பிள்ளைகள் விசாரிக்கிறார்கள். இலங்கைத் தமிழ்ப் படம் எடுத்தவர்களில் பலர் இதைத்தான் கடைசியில் விசாரித்தார்கள்.

வரலாற்றைப் பார். இந்த நாட்டின் முதல் தமிழ்ப் படம் 'சமுதாயம்' வந்தது 1962இல். கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா 1972இல் 'குத்துவிளக்கு' தயாரித்தார். தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் 1975, 1978, 1981 ஆகிய ஆண்டுகளில் மூன்று படங்களைத் தந்தார். தர்மசேன பத்திராஜா 1977இல் யாழ்ப்பாணத்தில் 'பொன்மணி'யை எடுத்தார். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் 1978இல் படமானது. இவர்களிடம் திறமையும் துணிவும் இருந்தன. அப்படியிருந்தும் அது ஒரு தொழிலாக வேர்விடவில்லை. எழுபதுகளில் இந்தியப் படங்களின் வரவு கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது மூச்சுவிட்ட தயாரிப்பு, 1977க்குப் பின் சந்தை திறந்ததும் திணறியது. 1983 கலவரம் மிச்சத்தையும் எரித்தது.

இதில் எனக்கு ஆறாத ஒரு மனத்தாங்கல் உண்டு. சென்னையிலிருந்து வரும் படத்துக்கு நம் ஊர்களில் கட்டவுட் வைத்து மாலை போடுகிறார்கள். நம் பிள்ளைகள் எடுத்த படத்தில் நம் வீட்டுப் பேச்சைக் கேட்டால் அதே சனம் சிரிக்கிறது. அதற்குப் பயந்து ஆரம்பகாலத் தயாரிப்பாளர் பலர் தங்கள் பாத்திரங்களைச் சென்னைப் படத் தமிழில் பேசவைத்தார்கள். அசல் இருக்கும்போது நகலை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்? புத்தளக் கரையில் மூன்று சமயத்தவர் பேசும் தமிழ் ஒரு முழுநீளப் படத்தில் சரியாக ஒலித்து நான் கேட்டதில்லை. அந்தக் குறையை நீ தீர்க்கவேண்டும் என்பது என் ஆசையும்தான். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்கப் பழகாத சனத்தின் முன் ஒரே வெள்ளிக்கிழமையில் காணியைப் பணயம் வைப்பது துணிவாகாது மகள்.

நிலைத்து நின்றவர்கள் எப்படி நின்றார்கள்? கே. குணரத்தினம் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'சந்தேசய'வை 1960இல் தயாரித்தபோது சினிமாஸ் லிமிட்டெட் என்ற நிறுவனத்தின் விநியோக பலமும் படமாளிகைகளும் அவர் கையில் இருந்தன. ஹெந்தளையில் இருந்த அவரது விஜயா ஸ்டூடியோவை 1983இல் எரித்தார்கள். 1989இல் அவரையே சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கொடுமைக்கு அவரது வியாபாரக் கணக்கு காரணமல்ல. அக்கரையில் ஏவி. மெய்யப்பச் செட்டியாரின் முதல் படம் 'அல்லி அர்ஜுனா' 1935இல் தோற்றது. அடுத்த 'ரத்னாவளி'யும் தோற்றது. இசைத்தட்டு வியாபாரம் அவரைத் தாங்கியிருக்காவிட்டால் 1938இன் 'நந்தகுமார்' வந்திருக்காது. ஏவிஎம் என்ற பெயரே இருந்திருக்காது. முதல் இரண்டு தோல்வியையும் தாங்க உன்னிடம் என்ன இருக்கிறது? ஒரு துண்டு காணி. அது ஒரு தோல்விக்கே காணாது.

இப்போது கமெரா மலிவு, கைத்தொலைபேசியிலேயே எடுக்கலாம் என்பாய். கமெராவின் விலை குறைந்தது உண்மை. சாப்பாட்டின் விலை குறையவில்லை. நீ நினைப்பது போல் மார்கழியில் நம் ஊரில் எடுக்கிறாய் என்று வை. இராஜாங்கனையில் வான்கதவு திறந்தால் கலா ஓயா பெருகி எலுவன்குளம் சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் பாயும். ஜெனரேட்டர் வண்டி இக்கரையில், நடிகர்கள் அக்கரையில். வில்பத்துக் காட்டுக்குள் போக வனசீவராசிகள் திணைக்களம் தந்த அனுமதித் திகதி கடந்துபோகும். வேலையில்லாத நாளுக்கும் முப்பது பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடும் நாட்கூலியும் கொடுக்கவேண்டும். கமெரா அங்கே சும்மா பையில் கிடக்கும். ஈட்டுக் காசு கரைந்துகொண்டிருக்கும்.

புலம்பெயர்ந்த நம் சனம் பார்க்கும், விழாக்கள் இருக்கின்றன என்றும் சொல்வாய். 'தீபன்' 2015இல் கான் விழாவில் தங்கப் பனை வென்றது, நம் அந்தோனிதாசன் அதில் நடித்தார், எனக்கும் பெருமைதான். ஆனால் அது பிரெஞ்சுப் படம். படத் தயாரிப்பில் தொலைக்காட்சி நிறுவனங்களும் முதல் போடவேண்டும் என்று சட்டம் வைத்திருக்கும் நாடு அது. அங்கே தயாரிப்பாளர் காணியை ஈடு வைத்துத் தொடங்குவதில்லை; காட்டப்போகிறவர் கையெழுத்திட்டபின் தொடங்குகிறார்.

ஆகவே படம், தொலைக்காட்சி என்ற இரண்டு வழியும் உனக்குத் திறந்துதான் இருக்கின்றன. ஆனால் தொலைக்காட்சியில் திரை ஏற்கெனவே வீட்டு மண்டபத்துக்குள் இருக்கிறது. அங்கேயும் இந்தியத் தொடர்கள்தான் நேரத்தை நிரப்புகின்றன என்பாய், மெய்தான். ஆனால் ஒரு தொடருக்கு வாரம் தவறாமல் வரும் வசதி உண்டு. நம் பேச்சுக்குச் சனத்தின் காது மெல்லப் பழகும். நடிகை ராதிகா 1999இல் 'சித்தி' தொடரை நம்பி இறங்கியபோது, அது சினிமாவுக்குக் குறைந்த வேலை என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். அது அவருடைய நிறுவனத்தையே தூக்கி நிறுத்தியது. வேலையில் இருந்தபடியே அரை மணி நேர நாடகம் ஒன்றை எழுதி நிலையத்திடம் கொடு. இந்தக் கரையின் பேச்சில் எடு. ஒளிபரப்புத் திகதி கையில் வரும்வரை ஒரு சதமும் சொந்தமாகப் போடாதே. வேலை செய்தவர்களின் கூலியை அன்றன்றே கொடுத்துவிடு. அந்த நல்ல பெயரே உன் அடுத்த படத்துக்கு முதலாகும்.

அதிகம் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே, என் கண்ணே. நம் வீட்டில் உன்னைப் போலக் கெட்டிக்காரி வேறு யாரும் இல்லை. நீ எதை எடுத்தாலும் முதல் வரிசையில் இருந்து பார்க்கப்போவது மாமாவும் மாமியும்தான். காசு தேவைப்பட்டால் வங்கிக்குப் போகுமுன் என்னிடம் கேள். பொங்கலுக்குக் கட்டாயம் வா. கதையை முழுதாகச் சொல். அதுவரை காணி உறுதியில் மட்டும் கையெழுத்து வைக்காதே.

என்றும் உன் நலன் விரும்பும்,
மாமா