கமாண்டர் டெக்: எங்கே கூர் தீட்டுவது, எங்கே மழுக்குவது

மேஜிக்: தி கேதரிங் ஆடும் நண்பர்கள் நாலு பேர் கூடினால் பெரும்பாலும் கமாண்டர்தான் ஆடுவார்கள். டெக்குக்கு 100 கார்டு, ஆளுக்கு 40 லைஃப். அடிப்படை லேண்டுகளைத் தவிர எந்தக் கார்டும் ஒன்றுக்கு மேல் கூடாது. பரிசும் கிடையாது, தரவரிசையும் கிடையாது. ஆனாலும் ஐந்தாவது டர்னிலேயே ஒருவர் ஆட்டத்தை முடித்துவிட்டால் மற்ற மூவருக்கும் முகம் தொங்கிப்போகிறது. அதற்குப் பயந்து டெக்கை வேண்டுமென்றே சொதப்பலாகக் கட்டி வருபவருக்கும் அந்த மாலை வீண்தான். கை நிறையக் கார்டு இருக்கும், ஒன்றையும் இறக்க முடியாது.

டெக் ஓடும் விதத்தில் கறாராக இருங்கள், ஜெயிக்கும் விதத்தில் மட்டும் விட்டுக்கொடுங்கள் என்பதே என் கட்சி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கிரெங்கோ, மாப் பாஸ் என்ற சிவப்புக் கமாண்டரை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம். நாலு மானா செலவழித்து இறக்க வேண்டிய கோப்ளின் தலைவன் இவன். ஒவ்வொரு முறை டேப் செய்யும்போதும், உங்களிடம் எத்தனை கோப்ளின் இருக்கிறதோ அத்தனை புதிய கோப்ளின்களைத் தருவான்.

முதலில் கூட ஆடப்போகிறவர்களிடம் பேசுங்கள். விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2025 பிப்ரவரியில் 'பிராக்கெட்' என்று ஐந்து நிலைகளை அறிமுகப்படுத்தியது. 'கேம் சேஞ்சர்' பட்டியலில் உள்ள கார்டுகள் முதல் இரண்டு நிலைகளில் கூடாது, மூன்றாவதில் மூன்று வரை வைக்கலாம். இந்த எண் பேச்சைத் தொடங்க உதவும். ஆனால் ஒரே எண்ணை ஆளாளுக்கு ஒரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். அதனால், "எத்தனையாவது டர்னில் ஆட்டம் முடிந்தால் உங்களுக்குச் சரி?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது லேண்ட். இதில் தயவுசெய்து கஞ்சத்தனம் வேண்டாம். பிடித்த கோப்ளின்களையெல்லாம் திணிப்பதற்காக லேண்டை 30-க்குக் குறைப்பவர்கள் ஏராளம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலாவது டர்னுக்குள் பொதுவாக 11 கார்டுகளைப் பார்த்திருப்பீர்கள். கமாண்டர் போக மீதி 99-இல் 37 லேண்ட் இருந்தால், அந்த 11-இல் சராசரியாக நாலுக்குச் சற்று மேல் வரும். 30 இருந்தால் மூன்றேகாலுக்குச் சற்று மேல்தான். கிரெங்கோ நாலாவது டர்னில் இறங்குவதும், நீங்கள் அடுத்தவர் ஆட்டத்தை வேடிக்கை பார்ப்பதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

மானாவைக் கூட்டும் கார்டுகள் பத்து, கார்டு இழுக்க உதவுபவை பத்து, எதிராளியின் தொல்லைகளை அகற்ற எட்டுப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கல்கிளாம்ப் இந்த டெக்குக்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஒரு மானா கொடுத்து அதை 1/1 கோப்ளினுக்கு மாட்டினால் கோப்ளின் செத்துவிடும், உங்களுக்கு இரண்டு கார்டு கிடைக்கும். அகற்றும் கார்டுகளில் கேயாஸ் வார்ப்பை விடாதீர்கள். தொல்லையான கார்டு உரியவரின் டெக்குக்குள் போய்க் கலந்துவிடும். பிறகு மேலிருக்கும் கார்டைத் திருப்ப வேண்டும், அது களத்தில் நிற்கக்கூடியதாக இருந்தால் அப்படியே களத்துக்கு வரும். என்ன வருமோ என்று நாலு பேரும் மேஜை மேல் குனிவார்கள். காரியமும் ஆகும், கலகலப்பும் வரும்.

இனி எப்படி ஜெயிப்பது என்று முடிவு செய்ய வேண்டும், விட்டுக்கொடுக்க வேண்டிய இடம் இதுதான். கிரெங்கோவுக்குத் தார்ன்பைட் ஸ்டாஃபை மாட்டி, பக்கத்தில் ஸ்கர்க் பிராஸ்பெக்டரை நிறுத்தினால் போதும். ஒரு கோப்ளினைப் பலி கொடுத்தால் கிரெங்கோ மறுபடி எழுவான், மறுபடி டேப் செய்யலாம், முடிவே இல்லாமல் கோப்ளின்கள் வரும். திடீரென்று இப்படி முடிகிற ஆட்டத்தில் மற்றவர்களுக்கு எந்த வேலையும் இல்லை.

இதற்குப் பதில் இம்பாக்ட் ட்ரெமர்ஸ் வையுங்கள். உங்கள் பக்கம் வரும் ஒவ்வொரு உயிரினமும் எதிராளிகள் எல்லோருக்கும் ஒரு புள்ளி சேதம் தரும். ஒற்றைக் கிரெங்கோவிலிருந்து தொடங்கினால் 1, 2, 4, 8 என்று கோப்ளின்கள் பெருகும். ஆறாவது டேப்பில் சேதம் 63 ஆகி, மூவரின் லைஃபும் தீர்ந்துவிடும். அதற்குள் கிரெங்கோவைக் கொல்லவும், ட்ரெமர்ஸை உடைக்கவும், மூவரும் கூட்டுச் சேரவும் நேரம் இருக்கிறது. அத்தனையையும் தாண்டி ஜெயித்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

டெக்கில் பிளட் மூன் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அடிப்படை அல்லாத லேண்டுகளையெல்லாம் அது மவுன்டனாக்கிவிடும். மவுன்டனையே நம்பியிருக்கும் உங்களுக்கு வலிக்காது, மூன்று நிறம் ஆடுபவரோ கடைசிவரை சும்மா உட்கார்ந்திருப்பார்.

டெக்கைத் தேடி வேண்டிய கார்டை எடுக்க உதவும் டியூட்டர்களையும் குறையுங்கள். ஒவ்வொரு கார்டும் ஒன்றே ஒன்று என்ற விதியால்தான் ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு கதை வருகிறது. டியூட்டர் அதை ஒரே கதையாக்கிவிடும். அந்த இடத்தில் கார்டு இழுப்பவற்றைப் போடுங்கள், டெக்கின் வலு பெரிதாகக் குறையாது.

ஆடி முடித்ததும், தோற்றவரிடம் "எந்த டர்னிலிருந்து உங்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் போச்சு?" என்று கேளுங்கள். அந்தச் சமயத்தில் களத்தில் இருந்த உங்கள் கார்டு எது என்று பார்த்து அதை மாற்றுங்கள். ஒரு தடவைக்கு மூன்று நாலு கார்டுக்கு மேல் தொடாதீர்கள், எது வேலை செய்தது என்றே தெரியாமல் போய்விடும். எடுத்த தார்ன்பைட் ஸ்டாஃபைத் தூக்கி எறிய வேண்டாம். அதே ஸ்லீவில் போட்டு டெக் பாக்ஸின் ஓரத்தில் வைத்திருங்கள். வேகமாக ஆடும் கூட்டத்தோடு உட்காரும் நாளில் ஒரு கார்டை எடுத்துவிட்டு இதைச் சேர்த்து, சேர்த்திருப்பதை ஷஃபிளுக்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.