முதியோர் உதவித்தொகை உரியவரைச் சேர்கிறதா? ஊரளவில் கணக்கிடும் முறை

நூறு விதைகளை ஈரத்துணியில் முடிந்து வைத்து, எத்தனை முளைத்தன என்று எண்ணிப் பார்த்த பிறகே விதைக்கிறோம். அரசின் உதவித் திட்டங்களுக்கும் இத்தகைய சோதனை தேவை. "எங்கள் ஊரில் 62 பேர் முதியோர் உதவித்தொகை பெறுகிறார்கள்" என்று சொன்னால் மட்டும் போதாது. தகுதியுள்ளவர் எத்தனை பேர், அவர்களில் பெறுவோர் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும்.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-ல் தொடங்கப்பட்டது. மத்திய அரசின் திட்டம் 1995-ல் வந்தது. அதன் வயது வரம்பு 2011-ல் 65-லிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மாதத் தொகை 2023-ல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆயுள் முழுதும் நடவுக்கும் களைக்கும் சென்று, இன்று குனிய முடியாத நிலையில் உள்ளவருக்கு இது மருந்துக்கும் மளிகைக்குமான பணம் ஆகும்.

கணக்கிடும் முறை

1. முதலில் வீடுவீடாகச் சென்று 60 வயது நிறைந்தோரைப் பட்டியலிடவும்.

2. அவர்களுள் வருமானம், சொத்து, பிள்ளைகளின் ஆதரவு ஆகிய விதிகளின்படி தகுதியுள்ளோரைப் பிரிக்கவும்.

3. தகுதியுள்ளோரில் தொகை பெறுவோரை மட்டும் எண்ணி, நூறால் பெருக்கி, தகுதியுள்ளோர் எண்ணிக்கையால் வகுக்கவும்.

எடுத்துக்காட்டாக, ஓர் ஊரில் தகுதியுள்ளோர் 80 பேர். தொகை பெறுவோர் 62 பேர் என்று கொள்வோம். 62-ஐ 80-ஆல் வகுத்தால் 77.5 சதவிகிதம் வரும். இது தவறான கணக்கு. பெறுவோரில் 12 பேர் தகுதி இல்லாதவர் எனில், தகுதியுடன் பெறுவோர் 50 பேரே. உண்மை அளவு 62.5 சதவிகிதம். விடுபட்டோர் 18 பேர் அல்லர், 30 பேர். மாதம் 1,200 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 4,32,000 ரூபாய் அவ்வூர் ஏழை முதியோர் கைக்கு வரவில்லை.

கவனிக்க வேண்டியவை

மண் மாதிரி எடுக்கும்போது வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்கிறோம் அல்லவா? அதுபோல, ரேஷன் கடைக்கு வருவோரை மட்டும் கேட்டு முடித்துவிடக் கூடாது. நடக்க இயலாதோர் அங்கு வரமாட்டார்கள். பெரிய ஊரானால், தெருத்தோறும் ஐந்தாவது வீடு என்று வரிசை தவறாமல் எடுக்கலாம்.

வருமானத்தை அக்கம்பக்கத்தார் முன்னிலையில் கேட்கக் கூடாது. மகன் கவனிப்பதில்லை என்று பிறர் முன் சொல்ல எந்தத் தாயும் கூசுவாள்.

ஒதுக்கீட்டு எண்ணிக்கையைத் தகுதியுள்ளோர் எண்ணிக்கையாகக் கொள்ளக் கூடாது. மத்திய அரசு தன் திட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்திற்கும் பயனாளிகளுக்கு ஓர் உச்ச எண்ணிக்கை வகுத்துள்ளது. ஒதுக்கீடு முழுவதும் நிரம்பினாலும் ஊரில் பலர் விடுபட்டிருக்கலாம்.

விடுபட்டதன் காரணம்

விடுபட்டோரை இரு பிரிவாக எழுதவும்: மனுச் செய்தும் கிடைக்காதோர், மனுவே செய்யாதோர். முதல் பிரிவுக்குத் தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரை அணுக வேண்டும். இரண்டாம் பிரிவினருக்கு வயதுச் சான்று, வங்கிக் கணக்கு, செய்தி தெரியாமை, கூச்சம் இவற்றில் எது தடை என்று கேட்டறிந்து உதவ வேண்டும்.

பிரிட்டனில் 1965-ல் எடுத்த ஆய்வில், தகுதி இருந்தும் உதவி கேட்காத முதியோர் லட்சக்கணக்கில் இருப்பது தெரிந்தது. மறு ஆண்டே திட்டத்தின் பெயரும் முறையும் மாற்றப்பட்டன. ஆயினும், 2003-ல் அங்கு தொடங்கிய பென்ஷன் கிரெடிட் உதவியை, தகுதியுள்ள 100 குடும்பங்களில் 63 மட்டுமே பெற்றதாக 2021-22-ஆம் ஆண்டிற்கான அரசு மதிப்பீடு கூறுகிறது. பெயரை மாற்றினால் மட்டும் போதாது; தொடர்ந்து அளந்து வர வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

நட்ட பயிரில் பாடுவாசி கண்டால் உடனே நாற்றெடுத்து நிரப்புகிறோம். உழவர் மன்றங்களும் மகளிர் குழுக்களும் அறுவடை முடிந்த ஓய்வுக் காலத்தில் இக்கணக்கை எடுத்து, தேதியிட்டுப் பாதுகாத்து, அடுத்த ஆண்டு அதே முறையில் மீண்டும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவும். விடுபட்ட பெயர்களைக் கிராம சபையில் வைத்து, ஒவ்வொருவராகச் சேர்க்க முயலுங்கள்.