வீட்டார் வாய்க்கு வரும் பாட்டு: மங்களூர் இளம் இசைஞருக்கு ஒரு கடிதம்



விருத்தாசலத்துக்கு மேற்கே, மானாவாரி நிலத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மங்களூர் வட்டாரத்திலிருந்து குழந்தைகளுக்கும் குடும்பத்தாருக்குமான பாடல் தொகுப்பு ஒன்றை, இன்றைய வழக்கில் சொன்னால் ஓர் ஆல்பத்தை, உருவாக்க முனையும் எவரும் இசையமைக்கத் தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு; அத்தொகுப்பு கேட்கப்படுவதற்காகவா, திரும்பப் பாடப்படுவதற்காகவா என்பதே அது. இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், மெட்டின் எல்லை, அடியின் நீளம், குரலின் தேர்வு, கருவிகளின் அளவு ஆகிய அனைத்தும் இதற்குச் சொல்லப்படும் விடையைப் பொறுத்தே மாறுகின்றன. கைபேசியை அணைத்த பிறகும் வீட்டில் ஒருவர் வாயிலாவது தங்கும் பாட்டே குழந்தைப் பாட்டு என்பது இக்கடிதத்தின் நிலைப்பாடு. பின்வரும் அறிவுரைகள் யாவும் அதிலிருந்தே பிறப்பவை.

தமிழில் இத்தகைய தொகுப்பை எந்த வரிசையில் அமைப்பது என்பதற்கு முன்மாதிரி தேடி வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை, குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பருவத்துக்குப் பத்துப் பாட்டாகப் பாடுவது. பெரியாழ்வார் திருமொழியிலேயே அதன் கூறுகள் தெளிவாகத் தெரிகின்றன, தனி நூலாகக் கிடைப்பனவற்றுள் 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் பழமையானது. புலமைக்கும் பக்திக்கும் உரிய வடிவமாகவே இது பாடநூல்களில் அறிமுகமாவதால், இதன் அடியில் கிடக்கும் உடற்கூறு அறிவு பலர் கண்ணில் படுவதில்லை. செங்கீரைப் பருவம் என்பது குழந்தை ஒரு காலை மடக்கி, மற்றொரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் நிலை. அதாவது கழுத்தும் தோளும் உறுதிப்படும் காலம். சப்பாணி என்பது கைகளைச் சேர்த்துக் கொட்டும் நிலை. பாட்டியல் நூல்கள், அதாவது இலக்கிய வகைகளின் இலக்கணம் கூறுபவை, தம்முள் மாதக்கணக்கில் வேறுபட்டாலும் பொதுவாக இதை 9ஆம் மாதத்தில் வைக்கின்றன, இன்றைய குழந்தை மருத்துவர்களும் கைகொட்டலை 9 முதல் 12 மாதங்களுக்குள் எதிர்பார்க்கிறார்கள். வருகைப் பருவம் தளர்நடைக்கு உரியது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிறுபறையும் சிறுதேரும், பெண்பாற் பிள்ளைத்தமிழின் அம்மானையும் ஊசலும் கருவியையும் விளையாட்டையும் குழந்தையின் கைக்குக் கொண்டு வருகின்றன.

ஆகவே தாலாட்டில் தொடங்கிச் சப்பாணி, வருகை, அம்புலி, சிறுபறை, ஊசல் என நகரும் ஒரு தொகுப்பு, கைக்குழந்தை முதல் பள்ளிப்பிள்ளை வரை ஒரே வீட்டில் இருக்கும் எல்லா வயதுக்கும் ஓர் இடம் வைத்துவிடுகிறது. இவற்றுள் அம்புலிப் பருவத்தைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. நிலவைக் குழந்தையோடு விளையாட வருமாறு அழைக்கும் இப்பாடல்களை இன்சொல் கூறும் சாமம், பரிசு காட்டும் தானம், உனக்கும் இக்குழந்தைக்கும் உள்ள வேற்றுமை இது என எடுத்துரைக்கும் பேதம், வராவிட்டால் என்ன நேரும் என்று மிரட்டும் தண்டம் ஆகிய நான்கு உத்திகளால் பாடுவது மரபு. சோறு ஊட்டும் தாய் நாள்தோறும் கையாளும் நான்கு தொனிகளும் இவையே அல்லவா? ஒரே மெட்டை நான்கு முறை, தாய், பாட்டி, அக்கா, தந்தை என நான்கு குரல்களில், நான்கு தொனிகளில் பாடவைத்தால் குடும்பம் முழுவதும் நடிக்கத்தக்க ஒரு நாடகம் அதில் கிடைத்துவிடும். மிரட்டும் பகுதி தந்தைக்கு ஒதுக்கப்படும்போது குழந்தைகள் சிரிப்பது உறுதி.

அடுத்தது குரலின் எல்லை; குழந்தைகளுக்கென வெளிவரும் தொகுப்புகள் பல தவறுவது இங்கேதான். மூன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தை இயல்பாகப் பாடும் எல்லை, ஆர்மோனியத்தின் நடு ஸ்தாயியில் ஏறத்தாழ இரண்டாம் கட்டையிலிருந்து ஆறாம் கட்டை வரை, அதாவது ஐந்து அல்லது ஆறு சுரங்கள் மட்டுமே. (கட்டை என்பது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிச் சுருதியைக் குறிக்கும் வழக்கு.) பின்னணிப் பாடகியர் தமக்கு வசதியான சுருதியில் ஒன்றரை ஸ்தாயி ஏறி இறங்கிப் பாடும் மெட்டைக் குழந்தை கேட்டு மகிழும், ஆனால் சேர்ந்து பாட முயலும்போது பாதியில் கைவிட்டுப் பேச்சாகவே சொல்லி முடிக்கும், அது குழந்தையின் குறையன்று, மெட்டின் குறை. கர்நாடக இசை மரபில் இதற்கு ஆயத்தமான தீர்வு ஒன்று உண்டு. மேல் ஷட்ஜத்தைத் தொடாமல் பஞ்சமம், தைவதம் அல்லது நிஷாதத்தோடு நின்றுவிடும் ராகங்களை முறையே பஞ்சமாந்தியம், தைவதாந்தியம், நிஷாதாந்தியம் என்பர். மந்தர பஞ்சமத்துக்கும் மத்திய பஞ்சமத்துக்கும் இடையிலேயே உலவும் நவரோஜ், தைவதத்தோடு நிற்கும் குறிஞ்சி, பாம்பாட்டியின் மகுடியால் எல்லாரும் அறிந்த புன்னாகவராளி ஆகியவை இவ்வகையின. நவரோஜும் குறிஞ்சியும் தாலாட்டு, ஊஞ்சல் பாட்டுகளோடு நெடுங்காலம் இணைந்திருப்பது தற்செயல் அன்று. எல்லை குறுகிய ராகத்தைத்தான் குரற்பயிற்சியில்லாத பாட்டியும் பேரக்குழந்தையும் சேர்ந்து பாட இயலும். நீலாம்பரி தாலாட்டுக்கே உரியதென்ற எண்ணம் வலுவாக இருப்பினும், அதன் நெளிந்த கமகங்கள், அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் முறைகள், தூங்கவைப்பவருக்கு உரியவை; உடன் பாடும் குழந்தைக்கு அவை எட்டுவதில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு, பாடிக் காட்டும் பாட்டு எது, பாடவைக்கும் பாட்டு எது எனத் தொகுப்புக்குள்ளேயே பிரித்துக்கொள்ளலாம்.

திரும்பப் பாடவைக்கும் கலையில் உலக அளவில் நினைக்கத்தக்கவர் சிகாகோவைச் சேர்ந்த பாடகி எல்லா ஜென்கின்ஸ் (1924–2024). அவர் 1957இல் ஃபோக்வேஸ் நிறுவனத்தின் வழியே வெளியிட்ட முதல் இசைத்தட்டு முழுவதும், ஒருவர் ஓர் அடி பாடக் குழு அதைத் திருப்பிப் பாடும் முறையில் அமைந்தது. ஹங்கேரியில் இசையமைப்பாளர் கோடாய் வழிவந்த இசைக்கல்வி, குழந்தைகள் தாமே பாடும் விளையாட்டுப் பாட்டுகளில் அடிக்கடி வரும் ஒரு சிறு இறக்கத்திலிருந்து, நம் முறையில் கூறினால் பஞ்சமத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு இறங்குவதிலிருந்து, பாடத்தைத் தொடங்குகிறது. மங்களூர்ப் பக்கத்து இசைஞருக்கு இவை புதியனவாக இரா. நடவுப் பாட்டிலும் கும்மியிலும் முன்பாட்டும் பின்பாட்டுமாக நடப்பது இதுவே. ஆயினும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்ததும் இந்த இடைவெளியை முதலில் பலி கொடுப்பார்கள். ஓர் அடிக்குப் பின் குழந்தை மூச்செடுத்துத் திருப்பிச் சொல்லத் தேவையான நேரத்தைக் குழலாலோ கீபோர்டாலோ நிரப்பாமல், தாளம் மட்டும் ஒலிக்க விட்டுவைக்க வேண்டும்.

சொல்லைப் பற்றிச் சுருக்கமாகவே கூறினால் போதும். இவ்வட்டாரத்து எழுத்தாளர் இமையத்தின் கதைகளும், மணக்கொல்லை கண்மணி குணசேகரன் தொகுத்த நடுநாட்டுச் சொல்லகராதியும் இப்பகுதிப் பேச்சு இலக்கியத்துக்குப் போதுமானது என்பதை மெய்ப்பித்துவிட்டன. குழந்தைப் பாட்டுக்கு மட்டும் அது போதாது என்று கருதக் காரணமில்லை. முந்திரித் தோப்பும் வெலிங்டன் ஏரியும் மணிமுத்தாறும் பேருந்து தூரத்தில் இருக்க, பனி பெய்யும் ஊரைப் பற்றிப் பாட்டு எழுத வேண்டியதில்லை. பாரதியின் பாப்பா பாட்டுக்குப் பிறகு நூறாண்டுக்கு மேலாக, குழந்தைக்கு எழுதுவது என்றாலே அறிவுரை கூறுவது என்னும் பழக்கம் கவிஞர்களிடம் ஊறிவிட்டது. பாரதிக்கு அது பொருந்தியது, அவரைப் பின்பற்றிய பலருக்குப் பொருந்தவில்லை. இவ்வகையில் அழ. வள்ளியப்பா (1922–1989) நல்ல மாற்று. அவர் பாட்டுகளில் விலங்கும் வேடிக்கையும் முன்னே நிற்கும், நீதி வந்தால் பின்னே வரும்.

பாடுவது யார் என்பது அடுத்த சிக்கல். களத்தூர் கண்ணம்மாவில் (1960) சிறுவன் கமல்ஹாசனுக்காக எம். எஸ். ராஜேஸ்வரி பாடியது, வளர்ந்தவர் குழந்தைக் குரலில் பாடும் மரபின் உச்சம். அந்தக் குரல் அவருக்கு இயல்பாகவே அமைந்திருந்தது. அதைப் பின்பற்ற முயல்வோர் மூக்கால் பாடுகிறார்கள், அல்லது கணினியில் குரலை உயர்த்திக்கொள்கிறார்கள், இரண்டுமே தவிர்க்கத்தக்கவை. அஞ்சலி (1990) படத்தில் இளையராஜா தம் பிள்ளைகள் உட்படப் பல சிறார்களைப் பாடவைத்தபோது, குழுக்குரலின் சற்றே சீரற்ற விளிம்பே அழகாக நின்றது. எனவே உள்ளூர்ப் பிள்ளைகளைப் பாடவைப்பதே முறை. ஆனால் அதற்குரிய சட்டக் கட்டுப்பாடுகளை முன்னரே அறிந்திருக்க வேண்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 2017இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, ஒலி-ஒளித் தயாரிப்புகளில் பங்கேற்கும் குழந்தை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றி 3 மணி நேரத்துக்கு மேலும் பணியாற்றக் கூடாது. அதன் வருவாயில் குறைந்தது 20 விழுக்காடு குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போடப்பட வேண்டும். நடைமுறையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சிறுவர் குரல் தெளிவாக நிற்பதுமில்லை. காதில் ஒலிக்கும் இயந்திரத் தாளத்துக்குப் பாடவைப்பதைவிட, கஞ்சிரா வாசிப்பவரை அவர்கள் எதிரிலேயே அமர்த்திப் பதிவு செய்தால் ஓட்டம் தானே சீர்ப்படும்.

கருவிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, பெரும்பாலான வீடுகளில் இத்தொகுப்பு கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில்தான் ஒலிக்கும் என்பதை மறவாதிருத்தல் நலம். தாழ்ந்த ஒலிகளை அது ஏறத்தாழ விழுங்கிவிடுவதால், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் பம்பையின் அடிக்குரலும் கேட்பதே இல்லை. ஜால்ரா, கஞ்சிராவின் சலங்கை, பனையோலைக் கிலுகிலுப்பை போன்ற உயர்ந்த ஒலியுடையவை தெளிவாகக் கேட்கும். இந்த வரிசையில் விருத்தாசலத்துக்கே பொருத்தமான ஒன்று ஜலதரங்கம். வெவ்வேறு அளவுள்ள பீங்கான் கிண்ணங்களை அரைவட்டமாக அடுக்கி, நீர் ஊற்றிச் சுருதி சேர்த்து, மெல்லிய குச்சிகளால் தட்டி வாசிக்கும் இக்கருவியில், நீர் கூடினால் ஒலி தாழும், குறைந்தால் உயரும். சீதா துரைசாமி (1926–2013) போன்றோர் கச்சேரி மேடையில் பேணிய இதை இன்று வாசிப்போர் மிகச் சிலரே. பீங்கான் தொழிலுக்கெனத் தொழிற்பேட்டையும் அரசு தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் உள்ள ஊருக்கு அருகிலிருந்து வெளிவரும் குழந்தைத் தொகுப்பில் அது இடம்பெறுவது அலங்காரத்துக்காக மட்டும் அன்று: பாட்டைக் கேட்ட குழந்தை அடுப்படியில் ஐந்து கிண்ணங்களையும் ஒரு கரண்டியையும் எடுத்துத் தானே சோதித்துப் பார்க்க முடியும், அம்மாக்கள் பொறுத்துக்கொள்வார்களாக. ஒலியளவிலும் அடக்கம் வேண்டும். குழந்தைகள் கருவி வழியே கேட்கும் ஒலிக்கு 75 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரமே பாதுகாப்பான எல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்துள்ளது. பதிவையே தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே உரப்பில் அமுக்கி வைத்தால் தாலாட்டும் சிறுபறையும் காதுக்கு ஒன்றாகிவிடும்.

காணொளி வேண்டுமா என்ற கேள்வி கட்டாயம் எழும். 2013இல் சென்னையில் தொடங்கப்பட்ட சுசு டிவி என்னும் யூடியூப் அலைவரிசை உலகெங்கும் பெற்ற வரவேற்பைக் கண்டவர்கள், அசையும் சித்திரம் இல்லாத குழந்தைப் பாட்டு விலைபோகாது என்றே கூறுவார்கள். வணிகக் கணக்கில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் கைவீசுவதும் சாய்ந்தாடுவதும் தாயின் முகத்தைப் பார்த்தே கற்கப்படுபவை. திரையைப் பார்க்கும் குழந்தை இரு கைகளையும் மடியில் வைத்துவிடுகிறது. முதல் தொகுப்பு ஒலி வடிவிலேயே வரட்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் என்ன செய்து விளையாடுவது என்பதை நான்கு வரியில் அச்சிட்டு, அங்கன்வாடிகளுக்கும் தொடக்கப்பள்ளிகளுக்கும் தாளாகக் கொடுக்கலாம்.

இறுதியாக உரிமை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள்வரை உரிமை நீடிக்கும். பாரதியின் படைப்புகள் 1949இலேயே நாட்டுடைமையாயின, 1954இல் மறைந்த கவிமணியின் பாடல்களுக்கும் இனித் தடையில்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய உரிமத்தொகைப் பங்கைச் சட்டப்படியான வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு எவருக்கும் எழுதிக்கொடுத்துவிட முடியாது. ஒப்பந்தத் தாளில் மொத்தத் தொகை ஒன்றைக் காட்டி எல்லாவற்றையும் கேட்கும் நிறுவனத்திடம் இதை எடுத்துச் சொல்லத் தயங்கக் கூடாது. நாட்டுப்புறப் பாட்டுக்கோ ஆசிரியர் பெயர் இல்லை, ஆகவே சட்டம் அதைக் காப்பதில்லை. நா. வானமாமலை போன்ற தொகுப்பாளர்கள் ஊர் ஊராகச் சேகரித்து அச்சேற்றிய பின்னும், அத்தகைய மெட்டுகள் திரைப்படங்களில் ‘பாரம்பரியம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு கடந்து போயின. மங்களூர்த் தொகுப்பில் தாலாட்டைப் பாடித் தரும் மூதாட்டி ஒப்புக்கொண்டால் அவர் பெயரும் ஊரும் உறையில் இசையமைப்பாளர் பெயருக்கு இணையான எழுத்தளவில் வர வேண்டும். அவருக்குரிய பங்கு எவ்வளவு என்பதைப் பதிவுக்கு முன்பே அவர் வீட்டாரும் அறிய எழுதி, படித்துக் காட்டி, ஒரு படியை அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும்.